வீட்டைக் காப்பவர் கூலி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஏழைக் குடும்பங்களின் வீடுகளைக் குளிரும் வெயிலும் வதைக்காதபடி சர்க்கார் செலவில் செப்பனிட்டுக் கொடுக்கும் ‘வெதரைசேஷன்’ என்னும் திட்டம் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதைப் பற்றிய வாதப் பிரதிவாதங்களும் அதே காலமாக ஓயாமல் நடந்துவருகின்றன. ஆதரிப்போர் எத்தனை வீடுகள் என்று கணக்குக் காட்டுகிறார்கள். எதிர்ப்போர் எத்தனை டாலர் என்று கணக்குக் கேட்கிறார்கள். அந்த வீடுகளின் பரணுக்குள் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றித் தவழ்ந்து வேலை செய்கிற மனிதருக்கு என்ன கூலி, என்ன பயிற்சி, அடுத்த வருஷமும் அவருக்கு அந்த வேலை உண்டா என்பதை இரு சாராரும் விசாரிப்பதில்லை. அதை விசாரிக்காத வரையில் மற்ற இரண்டு கணக்குகளும் பிசகாகவே வந்துகொண்டிருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

திட்டம் பிறந்த கதை சுருக்கமானது. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, மெய்ன் போன்ற கடுங்குளிர் மாநிலங்களில், வருமானம் சொற்பமாகவும் வீடு பொத்தலாகவும் அமைந்துவிட்ட குடும்பங்கள் கணப்புக்கு வேண்டிய எண்ணெய் வாங்க வகையின்றித் தவித்தன. அங்கே சமூக சேவை ஸ்தாபனங்கள் சில, ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியும் கதவிடுக்குகளை அடைத்தும் செய்துவந்த உபகாரத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1976 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் கையொப்பமிட்ட எரிசக்திச் சட்டத்தில் இந்தத் திட்டம் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. அன்று முதல் எழுபது லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இதனால் பலன் பெற்றிருக்கின்றன. ஆரம்பத்தில் இது தொண்டர்களும் தற்காலிக ஆட்களும் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த ஒட்டுவேலையாகத்தான் இருந்தது. இன்றோ அது தனக்கென்று கருவிகளும் அளவைகளும் தேர்வுகளும் கொண்ட ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. அப்படி வளர்ந்ததைக் கூலி நிர்ணயிப்போர்தாம் இன்னும் கவனிக்கவில்லை.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது அவசியம். முதலில், வீட்டின் எரிசக்தி நஷ்டத்தை அளக்கும் ஆடிட்டர் வந்து, வாசற்கதவைத் திறந்து, அந்த நிலையில் துணி போர்த்திய சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரு பெரிய விசிறியை மாட்டி, வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கிறார். ‘புளோயர் டோர்’ என்பது அந்தச் சாதனத்தின் பெயர். உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் 50 பாஸ்கல் ஆகும்வரை விசிறியைச் சுழலவிட்டு, அந்த நிலையை நீடிக்கச் செய்ய நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியேற வேண்டியிருக்கிறது என்று அளந்துவிட்டால், வீடு எவ்வளவு ஓட்டை என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். அப்போது ஒவ்வொரு இடுக்கிலும் கையை வைத்துப் பார்த்தால், சுவரிலுள்ள மின்பிளக்கிலிருந்துகூடக் குளிர்காற்று விரலில் சீறும். வீட்டுக்காரர் ஜன்னலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். நஷ்டத்தின் பெரும்பகுதியோ, யாரும் எட்டிப் பாராத மேற்பரணில், குழாய்களும் கம்பிகளும் புகைபோக்கியும் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறும் இடைவெளிகளில் நடந்துகொண்டிருக்கும். சூடான காற்று மேலெழும்பி அந்த வழியாக வெளியேற, அதனால் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் கீழ்த்தளத்து இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே புகுகிறது. ஆகையால் மேலே அடைக்காமல் கீழே மட்டும் அடைப்பதில் பெரிய பிரயோஜனமில்லை.

அடைப்பதும் ஒரே விதமல்ல. சிறு இடுக்குக்கு நுரைப்பசை. பெரிய துவாரத்துக்குப் பலகை. புகைபோக்கியைச் சுற்றியோ தீப்பற்றாத உலோகத் தகடும் நெருப்பைத் தாங்கும் பூச்சும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் இன்சுலேஷன் என்னும் வெப்பக் காப்பு. பரணிலும், துளையிட்டுக் குழாய் செருகிய சுவர்களுக்குள்ளும், செல்லுலோஸ் என்னும் பஞ்சு போன்ற பொருளை எந்திரத்தால் ஊதி அடைக்கிறார்கள். அது பெரும்பாலும் பழைய செய்தித்தாள்களை அரைத்து, தீப்பற்றாதிருக்கப் போரேட் உப்பைக் கலந்து செய்வது. நாம் எழுதும் தலையங்கங்களுக்கு இதைக் காட்டிலும் உத்தமமான கதி வேறு வாய்க்குமா என்பது சந்தேகமே. குழாயைப் பிடித்திருப்பவர் அவசரப்பட்டால் சுவருக்குள் வெற்றிடம் தங்கிவிடும். போதிய இறுக்கமின்றி ஊதினால் சில வருஷங்களில் அது கீழே படிந்து, மேற்பகுதி வெறுமையாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே தெரியாது. நம்மூரில் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கிற கொத்தனாரின் நேர்மை எப்படி அடுத்த ஐப்பசி மழையில்தான் வெளிப்படுமோ, அப்படி இந்தத் தொழிலாளியின் நேர்மையும் அடுத்த தை மாதத்துக் கட்டண ரசீதில்தான் வெளிப்படும்.

இந்த வேலையில் உயிருக்கு அபாயமும் உண்டு. கோடைக்காலத்துப் பரணில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வீட்டுக்கு அடியிலுள்ள தாழ்ந்த வெளியில் நிமிரவும் முடியாமல் மல்லாந்து கிடந்தே வேலை பார்க்க வேண்டும். மொன்டானா மாநிலத்து லிப்பி என்னும் ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட், ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சுமந்துகொண்டு, நாடெங்கும் எண்ணற்ற பரண்களில் இன்னமும் பரவிக் கிடக்கிறது. பீங்கான் குமிழ்களைத் தாங்கலாகக் கொண்டு ஓடும் பழைய மின்கம்பியின் மீது இன்சுலேஷனைக் கொட்டினால், கம்பியின் சூடு வெளியேற வழியின்றித் தீப்பிடிக்கக்கூடும். எல்லாவற்றிலும் விசித்திரம் என்னவென்றால், வேலை நன்றாக நடந்தாலும் ஆபத்துண்டு: வீடு இறுகிப்போனபின், வெந்நீர்க் கொதிகலனின் புகை வெளியேறாமல் உள்ளே திரும்பி, கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குகிறவர்களைச் சூழ்ந்துவிடலாம். அதற்காகவே வேலையின் முடிவில் புகைபோக்கும் சாதனங்களை எல்லாம் சோதித்து, தேவையான இடத்தில் காற்றுவிசிறி வைத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பது விதி. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் தவழ்கிற ஒருவரைச் ‘சாதாரணக் கூலியாள்’ என்று எழுதிவைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்ததோ நமக்குத் தெரியவில்லை.

இனி, எதிர்ப்போர் வாதத்துக்கு வருவோம். அது அலட்சியம் செய்யத்தக்க வாதமல்ல. மிச்சிகன் மாநிலத்தில் 30,000-க்கும் அதிகமான குடும்பங்களை வைத்து மெரிடித் ஃபௌலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் உல்ஃப்ராம் ஆகிய மூன்று பொருளாதார நிபுணர்கள் நடத்தி 2018-இல் பிரசுரித்த ஆராய்ச்சி, திட்டத்துக்குச் செலவான பணம் மிச்சமான எரிசக்தியின் மதிப்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு என்றும், வேலைக்கு முன் போடும் கம்ப்யூட்டர் கணக்கு வாக்களித்த மிச்சம் உண்மையில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்றும் கண்டது. இது பிரத்தியட்சமான முடிவு. இதை மறைப்பது திட்டத்துக்குச் செய்யும் தீங்கே ஆகும். குளிரில் நடுங்காத முதியவரின் தேகசுகத்தையும், இருமல் குறைந்த குழந்தையின் நிம்மதியையும் அந்தக் கணக்கு முழுதும் எடைபோடவில்லை என்று சமாதானம் சொல்லலாம்; ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தின் தேசிய மதிப்பீடு அத்தகைய பலன்களைக் காட்டியும் இருக்கிறது. எனினும், மிச்சமாகும் என்று சொன்னது ஏன் மிச்சமாகவில்லை என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

அதற்கு விடை இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே இதே திட்டத்தை ஆராய்ந்த பீட்டர் கிறிஸ்டென்சன் முதலிய அறிஞர்கள், வாக்களித்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீடு கதகதப்பானதும் ஜனங்கள் ஊதாரியாகிக் கணப்பை அதிகமாக எரிக்கிறார்கள் என்று மேஜைமுன் அமர்ந்தோர் சொல்லிவந்த காரணம், மிகச் சிறிய பங்குக்கே பொறுப்பு என்று தெரிந்தது. பெரும்பங்குகள் இரண்டு: ஒன்று, கம்ப்யூட்டர் கணக்கின் மிகைமதிப்பு, மற்றது, வேலையின் தரத்தில் ஒரு குழுவுக்கும் மற்றொரு குழுவுக்கும் இருந்த வேறுபாடு. அதே பணத்தில், அதே பொருள்களைக் கொண்டு, நல்ல கை பட்ட வீடு வாக்களித்ததை நெருங்கிற்று, மற்றது பின்தங்கிற்று. மேற்கொண்டு ஒரு பரிசோதனையாக, காற்றடைப்பை அளந்து பார்த்து, நன்றாகச் செய்த தொழிலாளிகளுக்குச் சிறு ஊக்கத்தொகை கொடுத்ததில், தரம் உயர்ந்து, கொடுத்த தொகையைவிட அதிகமான பலனும் கிட்டியது. இதனால் ஏற்படுவது என்ன? கூலியைக் குறைத்து வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது சிக்கனமல்ல. வாங்கிய பொருளைச் சுவருக்குள் வீணாக்கும் ஊதாரித்தனம்.

ஆனால் வாஷிங்டனின் போக்கு வேறு விதமாக இருந்துவந்திருக்கிறது. 2009-இல் பொருளாதார மந்தத்தைப் போக்குவதற்காக, அதுவரை வருஷத்துக்குச் சில நூறு மில்லியன் டாலர் பெற்றுவந்த திட்டத்தின் தலையில் 5 பில்லியன் டாலரை ஒரேயடியாகக் கொட்டினார்கள். அந்தப் பணத்துக்கு, உள்ளூரில் நிலவும் கூலியைக் கொடுத்தே தீரவேண்டும் என்னும் 1931-ஆம் வருஷத்துச் சட்டம் பொருந்தும் என்று ஆனபோதுதான், இப்படியொரு தொழிலாளி வகுப்புக்குக் கூலி விகிதமே சர்க்கார் ஏட்டில் இல்லை என்பது வெளிப்பட்டது! முப்பத்து மூன்று வருஷம் ஒரு திட்டத்தை நடத்திவிட்டு, அதைச் செய்கிறவருக்கு என்ன கொடுப்பது என்று அதற்குப் பிறகு யோசித்தார்கள். விகிதங்கள் நிர்ணயமாகும்வரை பல மாநிலங்கள் கைகட்டி நின்றன. பிறகு ஆட்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, வண்டிகளும் எந்திரங்களும் வாங்கி, கை பழகிவந்த சமயத்தில் பணம் தீர்ந்தது. 2012-ஆம் நிதியாண்டின் ஒதுக்கீடு வெறும் 68 மில்லியன் டாலர். பழகிய கைகள் கலைந்து, வேறு ஜீவனோபாயம் தேடிப் போயின. 2021-இல் மறுபடியும் 3.5 பில்லியன் ஒதுக்கிவிட்டு, தேர்ந்த தொழிலாளிகள் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்த்தார்கள். இடையே, டிரம்ப் முதல் முறை ஜனாதிபதியாக இருந்தபோது வந்த பட்ஜெட் திட்டங்கள் இதை அடியோடு ஒழித்துவிடவே யோசனை கூறின. இரு கட்சியினரும் கூடி அதைத் தள்ளினார்கள் என்பது மெச்சத்தக்கதுதான். ஆயினும், இன்று இருக்கும், நாளை இருக்குமோ என்ற நிலையில் வைக்கப்பட்ட தொழிலுக்கு, சாமர்த்தியமுள்ள எந்த இளைஞர் தம் வாழ்நாளை ஒப்படைப்பார்?

அவசரமும் அஜாக்கிரதையும் கைகோத்தால் விளைவது பணநஷ்டம் மட்டுமல்ல என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அதே 2009-இல், கெவின் ரட் சர்க்கார், வீட்டுக்கு 1,600 ஆஸ்திரேலிய டாலர் வரை மானியம் கொடுத்து, லட்சக்கணக்கான கூரைகளுக்கு அதிவேகமாக இன்சுலேஷன் போட முற்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்சி வேண்டும் என்ற முதல் உத்தேசம் நடுவழியில் தளர்ந்து, மேற்பார்வையாளருக்கு இருந்தால் போதும் என்றாயிற்று. நியூசிலாந்தில் 2007-இல் அலுமினிய ஃபாயிலை உலோக ஸ்டேப்பிள் கொண்டு அடித்தபோது மின்கம்பி துளைபட்டு மூவர் மாண்ட செய்தி அடுத்த வீட்டிலேயே இருந்தும், அது உரிய காலத்தில் மதிக்கப்படவில்லை. 2009 அக்டோபருக்கும் 2010 பிப்ரவரிக்கும் இடையே நான்கு இளம் தொழிலாளிகள் இறந்தார்கள்: மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காமல். அவர்களில் ஒருவருக்கு வயது 16. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தீப்பிடித்தது. அந்தப் பிப்ரவரியிலேயே திட்டத்தை இழுத்து மூடினார்கள். இயன் ஹாங்கர் தலைமையிலான ராயல் கமிஷன், 2014-இல் கொடுத்த அறிக்கையில், முன்கூட்டியே அறிந்து தடுத்திருக்கக்கூடிய அபாயங்களை நிர்வாகம் கவனியாமல் விட்டதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டனம் நியாயமானதே; ஆனால் பல இடங்களில் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், இத்தகைய திட்டமே கூடாது என்பதுதான். அது தவறான பாடம். இன்சுலேஷன் யாரையும் கொல்லவில்லை. பயிற்சியில்லாமல் கூரைக்குள் ஏற்றியதே கொன்றது.

கூலியையும் பயிற்சியையும் உயர்த்தினால் அதே தொகையில் குறைந்த வீடுகளுக்கே வேலை நடக்குமே, காத்திருக்கும் ஏழைகளின் கதி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய இரக்கம் உண்மையானது, கணக்குதான் பிசகு. வீட்டுக்குச் சராசரி இவ்வளவுதான் செலவிடலாம் என்று சட்டம் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்புக்குள் பொருளுக்கும் கூலிக்கும் இடம் காண வேண்டியிருப்பதால், பொருளின் விலையைக் குறைக்க முடியாத ஸ்தாபனங்கள் கூலியைத்தான் பிடிக்கின்றன. அரைகுறையாக அடைத்த வீட்டில் அடுத்த குளிர்காலத்திலும் அதே கட்டணம் கட்டும் ஏழை, பட்டியலிலிருந்து நீங்கினாரே ஒழியக் கஷ்டத்திலிருந்து நீங்கவில்லை. மேலும், கூரை ஒழுகுவதாலும் பழைய மின்கம்பியாலும் வேலை தொடங்கவே லாயக்கற்றவை என்று ஒதுக்கப்படும் வீடுகள் ஏராளம். மிகவும் எளியவர்கள் வசிப்பவையும் அவையே. அவற்றை முதலில் பழுதுபார்க்க ஒரு தனி நிதி சில வருஷங்களாகத்தான் ஏற்பட்டிருக்கிறது. அது தேவைக்கு எட்டாத சொற்பத் தொகை.

எனவே நாம் சொல்லக்கூடியது இது. அமெரிக்கக் காங்கிரஸ் இத்திட்டத்துக்கு வருஷா வருஷம் பிச்சையிடுவதை விட்டு, ஐந்து வருஷங்களுக்கேனும் மாறாத ஒதுக்கீட்டைச் சட்டமாக்க வேண்டும். மின்தொழிலாளிக்கும் குழாய்த்தொழிலாளிக்கும் உள்ளதுபோல், பயிற்சிக்குத் தக்கபடி ஏறும் கூலி விகிதத்தை இத்தொழிலாளிக்கும் நிர்ணயிக்க வேண்டும். வீட்டுச் செலவின் வரம்பில் பொருள் வேறு, கூலி வேறு என்று பிரிக்க வேண்டும். வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டிலும் புளோயர் டோர் காட்டும் எண்ணைக் கொண்டே ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும். இல்லினாயில் சிறிய அளவில் செய்து பார்த்துப் பலன் கண்ட காரியத்தைத் தேசம் முழுவதும் செய்யாமலிருப்பதற்கு எந்தக் காரணமும் நமக்குப் புலப்படவில்லை.