நீவுவது வேறு, பிசைவது வேறு

சென்ற ஞாயிறு காலைப் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. வழவழப்பான காகிதம். 'லிம்ஃபாட்டிக் ட்ரைனேஜ் மசாஜ். உடல் நச்சு வெளியேறும். பத்தே சிட்டிங்கில் தொடை மெலியும். கால் வீக்கம் மறையும்.' ஒரு சிட்டிங் 2,500 ரூபாய். மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி உண்டாம். அந்தத் தள்ளுபடிதான் என்னை எழுத உட்கார வைத்தது. வலை நமக்குத்தான் விரித்திருக்கிறார்கள்.

நிணநீர் என்பது புதுச் சரக்கு இல்லை. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நம் ஆத்தாக்கள் எல்லாருக்கும் இது தெரியும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. ரத்தக் குழாயிலிருந்து கசிந்து திசுக்களில் தங்கும் நீரைத் தோலுக்கடியில் உள்ள மெல்லிய குழாய்கள் உறிஞ்சி, கணுக்கள் வழியாக வடிகட்டி, கழுத்தடியில் ரத்தத்தோடு திரும்பச் சேர்க்கின்றன. ரத்தத்துக்கு இருதயம் போல இதற்குத் தனிப் பம்பு கிடையாது. குழாயின் சொந்தச் சுருக்கமும், தசை அசைவும், மூச்சும் சேர்ந்துதான் இதைத் தள்ளுகின்றன. வழி அடைபட்டால் நீர் கோத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். நச்சைக் கழிப்பது ஈரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை. மசாஜ் மேசைக்கு அதில் பங்கில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அக்குள் கணுக்களையும் எடுத்து, கதிர் சிகிச்சையும் ஆயிற்று. அடுத்த வருடம் வலது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் வளையல் இறுகியது, பிறகு ரவிக்கைக் கை. காட்டிய இடத்தில், "இது இப்படித்தான் இருக்கும்மா, பழகிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். யாரோ சொல்லி ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனோம். போர்டில் இதே பெயர்தான். சூடான எண்ணெய் ஊற்றி, சப்பாத்தி மாவு பிசைவது போல் பிசைந்தாள் அந்தப் பெண். இரண்டாவது தடவை போனபோது முழங்கைக்கருகே கொஞ்சம் சிவந்திருந்தது. மனைவி காட்டினாள். "ஒண்ணும் ஆகாதும்மா, ரத்த ஓட்டம் வருது" என்று சொல்லி மேலேயே தேய்த்தாள். மறுநாள் 103 டிகிரி ஜுரம், கை முழுக்க நெருப்பு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி.

மசாஜால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கிருமி ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கலாம். ஆனால் சிவந்து சூடாக இருக்கும் இடத்தில் கையே வைக்கக் கூடாது என்பது இந்த வித்தையின் பாலபாடம். அது தெரியாதவருக்கு அந்தப் போர்டு எதற்கு?

பிரான்சில் சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மகள் போனில் என்னைப் பிடித்துத் திட்டினாள். அவளுக்கும் இதே நோய், இதே வீக்கம். "டேய், அது பிசையற வேலை இல்லடா! எங்க கினே தோலை மட்டும் மெதுவாத் தள்ளுவா. கழுத்துல ஆரம்பிப்பா, வீங்கின கைக்குக் கடைசியாத்தான் வருவா. முடிச்சதும் கட்டுப் போடாம அனுப்ப மாட்டா." அங்கே இது டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்து, கினே செய்கிற வைத்தியம். 'திரெனாஜ்' என்பது பிரெஞ்சில் சதுப்பு நிலத்து நீரை வாய்க்கால் வெட்டி வடிப்பதற்கும் அதே சொல். முதலில் வடிகால் முனையைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் வயலுக்கு வர வேண்டும். கழுத்தில் தொடங்குவது அதற்காகத்தான். அழுத்திப் பிசைந்து சூடேற்றினால் அந்த இடத்துக்கு ரத்தம் அதிகம் பாயும், நீர் இன்னும் கசியும். நம் தமிழில் நீவுவது, உருவுவது, பிசைவது என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இது நீவுகிற வேலை.

இந்த முறையை உருவாக்கியவர்கள் எமில் வோடர், எஸ்த்ரித் வோடர் என்ற டென்மார்க் தம்பதி. கான் நகரில் வேலை செய்தபோது கண்டறிந்து, 1936ல் பாரிஸில் வெளியிட்டார்கள். அழகுக்கலைக்காரர்கள் அப்போதே இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் மறைக்கப் போவதில்லை. பின்னால் ஜெர்மனியில் மிஹாயேல் ஃபோல்டி என்ற மருத்துவர்தான் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் இதோடு சேர்த்து முழு வைத்தியமாக ஆக்கினார். நோட்டீஸ்காரர்கள் இந்த நான்கில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு, அதையும் தப்பாகச் செய்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு 2015ல் சொன்னதும் அடக்கமான பேச்சுதான்: பாதுகாப்பானது, கட்டோடு சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன் தரலாம். பெரும்பாடு படுவது கட்டுதான்.

என் மனைவியை ஒரு வழியாகச் சென்னையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் காட்டினோம். மூன்று வாரம் தினமும் நீவல், பல அடுக்குக் கட்டு, கட்டோடேயே கைப்பயிற்சி. குமாஸ்தா புத்தி போகுமா, நோட்டுப் போட்டு அளவெடுத்தேன். முழங்கைக்குக் கீழே 31 செ.மீ. இருந்தது 28 ஆனது.

இதில் எனக்கு வயிறெரிவது வேறொன்று. யானைக்கால் நம் புதுச்சேரிக்குப் பழைய சொந்தம். கொசுவை ஆராய மத்திய அரசு 1975ல் ஒரு மையமே இங்கே தொடங்கியது. என் அத்தை சேலையைத் தரையில் புரளவிட்டே நடப்பாள், கால் தெரியக் கூடாதென்று. வருடத்தில் நாலைந்து தடவை குளிர் ஜுரம் வரும், ஒவ்வொரு ஜுரத்துக்கும் கால் ஒரு சுற்றுப் பருக்கும். விரலிடுக்குப் புண் வழியாகப் புகும் கிருமிதான் அந்த ஜுரத்துக்குக் காரணம் என்றும், தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, காலை உயர்த்தி வைத்தால் அது குறையும் என்றும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிசைந்துவிடத்தான் ஆள் வந்தார்கள். இன்றைக்கும் அப்படிப்பட்ட காலுக்குக் கட்டுத் துணியும், கட்டத் தெரிந்த ஆளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டாமா? தொடை மெலிய ஆசைப்படுபவருக்குக் குளிரூட்டிய அறை இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. சாயங்காலம் கணுக்கால் வீங்கினால் அது நிணநீர் என்று நீங்களே தீர்ப்பெழுதாதீர்கள். இருதயம், சிறுநீரகம், ஈரல், நாளம், எதுவாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நம்மில் பாதிப்பேர் விழுங்கும் அம்லோடிபின் மாத்திரையே காலை வீங்க வைக்கும். ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

நோட்டீஸின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சுகாதாரத் துறைக்கு மனுவின் நகலை அதில்தான் எழுதியிருக்கிறேன்: கட்டுத் துணியும் அழுத்தக் கையுறையும் இலவசப் பட்டியலில் சேர வேண்டும். கையுறை ஆறு மாதத்தில் தொளதொளத்துவிடுகிறது, மனைவிக்கு அடுத்தது வாங்கும் வேளை வந்துவிட்டது. நாளை தபாலில் சேர்க்கிறேன், ஒப்புகைச் சீட்டோடு.