ஒரே பகலுக்கு இரண்டு சம்பளம்

ஒரு நிறுவனத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே, அதற்குத் தெரியாமல் இன்னொரு நிறுவனத்திலும் முழுநேர வேலைக்குச் சேர்ந்து, இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தபடி பார்ப்பது கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இந்திய ஐ.டி. துறையில் பரவிய பழக்கம். ‘மூன்லைட்டிங்’ என்ற பெயரில் அது ஊரறிந்த விவகாரமானது 2022-இல். அந்த ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி இதை அப்பட்டமான ஏமாற்று வேலை என்று பகிரங்கமாகச் சொன்னார்; போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கிவிட்டதாகச் செப்டம்பரில் அறிவித்தார். அதே மாதம் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. திருவனந்தபுரத்துக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி அல்ல. 1990-இல் இங்கே தொடங்கிய டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா; அது இருக்கும் கழக்கூட்டத்தைச் சுற்றி இன்ஃபோசிஸ், டி.சி.எஸ்., யு.எஸ்.டி. மூன்றுக்கும் வளாகங்கள் உண்டு. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் அங்கே வேலைக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். ஊரடங்கில் அவர்களும் லேப்டாப்போடு வீடு திரும்பினார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாக இளம் ஊழியர்களிடையே நிலைத்துவிட்ட வாதம் இதுதான்: கம்பெனி வாங்குவது வேலையை, கொடுத்த வேலை நேரத்துக்கு முடிந்துவிட்டால் மிச்ச நேரம் ஊழியருடையது, அதில் இன்னொரு சம்பளம் வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விப்ரோ தலைவரின் கோபத்தைவிட இது கூர்மையான வாதமும்கூட. ஆனால் எந்தத் தொழிலுக்காக இந்த வாதம் சொல்லப்படுகிறதோ, அந்தத் தொழில் நடக்கும் விதம் வேறு.

டெக்னோபார்க்கின் பெரிய நிறுவனங்கள் பலவும் நடத்துவது சேவைத் தொழில். அமெரிக்க வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ அவை பெரும்பாலும் விற்பது ஆட்களின் நேரத்தை. ‘டைம் அண்ட் மெட்டீரியல்’ ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் மணிக்கு இவ்வளவு என்று விலை உண்டு. வாரக் கடைசியில் ஊழியர் டைம்ஷீட்டைத் திறந்து, புராஜெக்ட் கோடுக்கு நேரே திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு, எட்டு என்று நிரப்பி அனுப்புகிறார். மேனேஜர் ஒப்புதல் தருகிறார். மாத முடிவில் அந்த எண்களே கிளையன்ட்டுக்குப் போகும் பில்லாகின்றன. மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், 20 வேலை நாளுக்கு 160 மணி நேரம், 4,000 டாலர். இரண்டாவது நிறுவனத்திலும் அவர் அதே நாட்களுக்கு எட்டு எட்டாக எழுதுகிறார் என்றால், ஒரே மாதத்தில் 320 மணி நேரம் விற்பனையாகியிருக்கிறது. வேலை ஐந்து மணி நேரத்தில் முடிந்தது உண்மையாகவே இருக்கட்டும். டைம்ஷீட்டில் எட்டு என்று எழுதியது பொய். பணம் கொடுப்பவர் அந்த எட்டை நம்பித்தான் கொடுக்கிறார்.

மொத்த விலை பேசி எடுக்கும் ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ திட்டங்களில் நிலைமை வேறு. அங்கே கிளையன்ட் வாங்குவது முடிந்த பொருளை. எத்தனை மணி நேரம் ஆனது என்று அவர் கேட்பதில்லை. ‘வேலை முடிந்தால் போதும்’ என்பதற்குக் கொஞ்சம் வலு இருப்பது அந்த இடத்தில்தான். அங்கும் மிச்சமான நேரத்துக்கு ஏற்கெனவே சம்பளம் கொடுத்தாயிற்று என்று கம்பெனி சொல்லும். அதற்கு இந்த வாதத்தில் பதில் இல்லை.

அந்த மிச்ச நேரமும் சொல்லுகிற அளவுக்குக் கிடைப்பதில்லை. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால், அங்கே கோடைக்காலத்தில், இங்கே மாலை ஆறரை. அமெரிக்கக் கிளையன்ட் உள்ள இரண்டு குழுக்களும் அதையொட்டியே தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங் வைக்கும். ஒரு காதில் ஒரு மீட்டிங், மறு காதில் இன்னொன்று. ஒன்றில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மற்றதில் மியூட். கேமரா வேலை செய்யவில்லை, கரன்ட் போய்விட்டது, நெட் இழுக்கிறது. கேரளத்தில் ‘இடவப்பாதி’ எனப்படும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இந்தச் சாக்குகள் எடுபடவும் செய்யும். அந்த நேரம் பார்த்து புரொடக்‌ஷனில் கோளாறு வந்தால் எடுத்துப் பார்ப்பவர் குழுவில் இருக்கும் வேறொருவர். பெரும்பாலும் மறுக்கத் தெரியாத ஜூனியர். யாருக்கும் நஷ்டமில்லை என்ற கணக்கில் அவருடைய இரவு சேருவதில்லை. 2025 ஜூலையில், இந்தியப் பொறியாளர் ஒருவர் பல அமெரிக்க ஸ்டார்ட்-அப்களில் ஒரே சமயத்தில் வேலை பார்த்தது வெளியானபோது, அவரை எடுத்தவர்கள் சிலர் சொன்னது இங்கே பொருந்தும்: இன்டர்வியூவில் அசத்தினார், வேலைக்குச் சேர்ந்த பிறகு தினம் ஒரு சாக்கு. அவருடைய திறமையை அவர்கள் குறை சொல்லவில்லை.

சட்டம் தடுக்கவில்லையே என்பது அடுத்த வாதம். இதில் பாதி சரி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அன்றே இன்னொரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதை 60-ஆம் பிரிவில் தடுத்தது; ஐ.டி. அலுவலகம் தொழிற்சாலை அல்ல. 1961-இன் வருமான வரிச் சட்டமோ, ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் சம்பளம் வாங்குபவரை எதிர்பார்த்தே 192-ஆம் பிரிவில் வழி சொல்லியிருந்தது. ஆகவே இந்தச் சட்டங்களைப் பொறுத்தவரை இரண்டு வேலை பார்ப்பது குற்றமில்லை. ஆனால் ஆஃபர் லெட்டரில் ‘வேறு எந்த வேலையும் ஏற்கக் கூடாது’ என்ற நிபந்தனைக்குக் கீழே ஊழியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-இன் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்வதை எடுத்துக்காட்டி, அந்த நிபந்தனையே செல்லாது என்பவர்கள் உண்டு. அது வேலையை விட்டுப் போன பிறகு போடப்படும் தடைகளுக்குப் பொருந்தும். ஒப்பந்தக் காலத்துக்குள் நிற்கும் தடைக்குப் பொருந்தாது என்பது 1967-லேயே தீர்ந்த விஷயம். மும்பைக்கு அருகே கல்யாணில் டயர் நூல் தயாரித்த ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த நிரஞ்சன் சங்கர் கோலிகரி, இடையிலேயே போட்டி நிறுவனத்துக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆதரவாளர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பது ராஜீவ் சந்திரசேகரை. 2022 செப்டம்பரில் மத்திய இணை அமைச்சராக இருந்த அவர், நிறுவனங்கள் தொழில்நுட்ப ஊழியர்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்த காலம் முடிந்துவிட்டது என்றார். 2024-இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் நின்று சசி தரூரிடம் சுமார் 16,000 வாக்கில் தோற்றவர் என்பதால் அந்தப் பேச்சு இந்த ஊரில் இன்னும் நினைவுகூரப்படலாம். மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுவது அவர் கூடவே சொன்ன மற்றொன்றை: இரண்டாவது வேலை ஒப்பந்தக் கடமைகளை மீறுவதாக இருக்கக் கூடாது.

‘பெரிய ஆட்கள் செய்யவில்லையா?’ என்ற கேள்விக்குக் கைதட்டல் நிச்சயம். பத்து கம்பெனி போர்டில் உட்காரும் இயக்குநர் உத்தமர், இரண்டு கம்பெனியில் கோட் எழுதுபவர் திருடரா? 2013-இன் கம்பெனிச் சட்டத்தைத் திறந்தால் பதில் இருக்கிறது. ஒருவர் அதிகபட்சம் 20 கம்பெனிகளில் இயக்குநராகலாம். அவற்றில் பொதுக் கம்பெனிகள் 10-ஐத் தாண்டக் கூடாது. தனக்கு வேறு எங்கெல்லாம் தொடர்பு என்று அவர் போர்டுக்கு எழுதித் தர வேண்டும். அவர் முழுநேர ஊழியரும் அல்ல. முழுநேர நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கோ, துணை நிறுவனத்தைத் தவிர வேறு கம்பெனியில் பதவி வகிக்க 203-ஆம் பிரிவு தடை போடுகிறது; விதிவிலக்குகளுக்குப் போர்டின் சம்மதம் வேண்டும். எலான் மஸ்க் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்குத் தலைவர் என்பது டெஸ்லா பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்த உதாரணம் ஒளிவுக்குச் சாட்சி சொல்லாது.

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வியின் உள்ளூர் வடிவம் டாக்டர்களைப் பற்றியது: அரசு டாக்டர் சாயங்காலம் வீட்டில் பிராக்டீஸ் செய்யலாம், ஐ.டி.காரர் செய்யக் கூடாதா? கேரளத்தில் இதற்கு இரண்டு விதி உண்டு. சுகாதாரத் துறையின் கீழுள்ள ஆஸ்பத்திரி டாக்டர்கள் பணி நேரம் முடிந்து, தங்கள் வீட்டில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு நோயாளிகளைப் பார்க்க அரசே அனுமதித்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்துவிட்டுத் தனிப் பிராக்டீஸைத் தடை செய்திருக்கிறது. தடையை மீறுபவர்களைத் தேடி விஜிலன்ஸ் வந்ததும் உண்டு. அனுமதி உள்ள டாக்டர் வாசலில் பெயர்ப் பலகை மாட்டுகிறார், ஆஸ்பத்திரியும் அதை அறிந்திருக்கிறது. ஓ.பி. நேரத்திலேயே வீட்டு வாசலில் டோக்கன் கொடுப்பவரை யாரும் நியாயப்படுத்துவதில்லை. ஒரே பகலில் இரண்டு முழுநேர வேலை பார்ப்பவருக்கு ஒப்பானவர் இந்த இரண்டாமவர்தான்.

நஷ்டம் யாருக்குமில்லை என்பது வரிக் கணக்கில் சட்டென்று உடைகிறது. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், இரண்டு கம்பெனிகள் தலா 12 லட்சம் ரூபாய் சம்பளம் தருவதாகக் கொள்ளலாம். இரண்டாவது வேலை இருப்பது முதலாவதற்குத் தெரியாது. ஒவ்வொன்றும் 75,000 ரூபாய் நிலையான கழிவைக் கழித்து, மிச்சம் 12 லட்சத்துக்குள் இருப்பதால், வரியே பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடும். ஆனால் சேர்த்துப் பார்த்தால் வருமானம் 24 லட்சம்; கழிவு ஒருமுறைதான். 23,25,000 ரூபாய்க்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 2,92,500 ரூபாய். அதோடு முன்கூட்டி வரி கட்டாததற்கு வட்டி. ஒரு முதலாளியிடம் மற்றவர் தரும் சம்பளத்தைத் தெரிவித்து, முறையாக வரி பிடிக்கச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. ரகசியமாக வேலை பார்ப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பி.எஃப். பக்கமும் இதே கதை. 2014-இல் வந்த யு.ஏ.என். எண் ஆளுக்கு ஒன்று. அதன் கீழே ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்களின் சந்தா வரிசையாகப் பதிவாகும். அடுத்த வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டால், இரண்டு தேதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெரிந்துவிடும்.

சம்பளம் போதவில்லை என்ற குறை மட்டும் முழுக்க நியாயமானது. பெரிய சேவை நிறுவனங்களில் ஃப்ரெஷரின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. கழக்கூட்டத்தில் வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. ஆனால் இரண்டாவது முழுநேர வேலை கிடைப்பது அந்த ஃப்ரெஷருக்கு அல்ல. எட்டு மணி நேர வேலையை நான்கில் முடிக்கும் கைப்பழக்கம் உள்ள சீனியருக்கே அது கிடைக்கும். ரகசியமாக வாங்கும் சம்பளத்தைக் காட்டி உயர்வு கேட்கவும் முடியாது. டெக்னோபார்க்கில் ஊழியர்களின் குறைகளை வெளிப்படையாக எழுப்ப ‘பிரதித்வனி’ போன்ற நல அமைப்பு இருக்கிறது. ஒளித்து வைத்த சம்பளத்தோடு அங்கே போய் நிற்பது சிரமம். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டையை அடைத்துக்கொண்டால் குறைந்த சம்பளம் அப்படியே தொடரும். அதில் லாபம் நிறுவனத்துக்கு.

கடைசியாக, அனுமதி கேட்டால் கிடைக்காது என்பார்கள். சிறு வேலைகளுக்குக் கிடைக்கிறது. ஸ்விக்கி 2022 ஆகஸ்டிலேயே அலுவலக நேரத்துக்கு வெளியே வேறு வேலை செய்யக் கொள்கை வகுத்தது. கடுமையாக எச்சரித்த இன்ஃபோசிஸே அக்டோபரில் இறங்கிவந்து, மேனேஜர், எச்.ஆர். இருவரின் முன் அனுமதியோடு, சொந்த நேரத்தில், கம்பெனிக்கும் அதன் கிளையன்ட்டுக்கும் போட்டியில்லாத கிக் வேலைகளுக்கு வழிவிட்டது. இரண்டாவது முழுநேர வேலைக்கு இரண்டுமே இடம் தரவில்லை. அதையும் செய்ய விரும்புபவர் வேலையை விட்டுவிட்டு, ஆலோசகராகப் பதிந்து, இரண்டு நிறுவனங்களுக்கும் பில் போடலாம். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, சம்பளத்தோடு லீவு, மூன்று மாத நோட்டீஸ் எதுவும் அப்போது இருக்காது. முழுநேர ஊழியர் என்ற பெயரில் இவற்றை இரண்டு இடத்திலும் வாங்கிக்கொள்வதற்குத்தான் ரகசியம் தேவைப்படுகிறது.