காணி ஒரு பிள்ளைக்கு, மற்றப் பிள்ளைகளுக்கு?

மொறகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணியை விட்டு எழும்பியவர்களும், மண்சரிவுக்குப் பயந்து மேட்டிலிருந்து இறங்கியவர்களும் மாத்தளை மாவட்டத்தில் இன்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தைக் கொண்டு பிள்ளையை மின்தொழில் படிக்க வைக்கலாமா? போட்ட பணம் திரும்பி வருமா?

கேட்க வேண்டிய கேள்விதான். மகாவலித் திட்டத்தில் குடியேறிய குடும்பமொன்றுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் என்பதே வழக்கமான கணக்கு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் காணியை நினைத்தபடி துண்டு போட முடியாது. பின்னுரித்தாளராகப் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் பெயரையே எழுதுகிறோம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பேருக்கு வயல் இல்லை என்பது அன்றே முடிவாகிவிடுகிறது.

ஆனால் படிப்பின் செலவை நம்மவர்கள் கணக்குப் பார்க்கும் முறைதான் பிழையாக இருக்கிறது. "கட்டணம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கட்டணம் பெரிய பிரச்சினையல்ல. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ படிக்கலாம். உண்மையான செலவு, பிள்ளை படிக்கும் காலத்தில் வீட்டுக்கு வராமற்போகும் கூலி.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மாதம் 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபா. தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 4ஆம் மட்டத்துக்கு, வேலைத்தலப் பயிற்சியும் சேர்த்து ஒன்றரை வருடம் போகிறது என்று வைத்தால், விட்டுப்போகும் கூலி 486,000 ரூபா. கூலி கூடினால் இதுவும் கூடும். இதற்கு மேல் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, சப்பாத்து, டெஸ்டர், குறடு, மீற்றர். கண்டிக்கோ கொழும்புக்கோ போனால் தங்குமிடச் செலவும் உண்டு.

வரவை எப்படிப் பார்ப்பது? பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைக் கேட்கவேண்டாம். உங்கள் ஊரில் வயரிங் செய்யும் பாஸிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். கூலி வேலையைவிட நாளொன்றுக்கு 1,000 ரூபா அதிகமாகக் கிடைத்து, மாதம் 18 நாள் வேலை இருந்தால், விட்ட கூலியை மீட்க ஏறக்குறைய 32 மாதம் செல்லும். 9 நாள்தான் வேலை என்றால் கூலி வேலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். கூலிக்காரன் 20 நாள் போகிறானே!

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கட்டட வேலைகள் நின்றபோது, வீட்டு வயரிங் மட்டும் தெரிந்தவர்களின் நிலை என்னவானது என்பதை நாம் கண்டோம். ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைகள் தண்ணீர்ப் பம்பி மோட்டார் கட்டவும் பழகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். தம்புள்ளை, கலேவெலை வெங்காயத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயி நாளைவரை காத்திருக்க முடியாது. கூரைமேல் சூரிய மின்கலம் பொருத்தும் வேலையும் இப்போது இருக்கிறது.

அப்படியானால் டிப்ளோமா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தியகமவில் நடத்தும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா நல்ல படிப்பு. இரண்டு வருடம் கல்வி, ஒரு வருடம் தொழிற்பயிற்சி. ஆனால் உயர்தரம் சித்தியடைந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் படிக்கவேண்டும். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கு வேறு வழி உண்டு. 4ஆம் மட்டம் முடித்து, வேலை செய்து, பின்னர் 5ஆம், 6ஆம் மட்ட டிப்ளோமாவுக்குப் போகலாம். அதற்கு உயர்தரம் தேவையில்லை. 7ஆம் மட்டம் பட்டம். சம்பாதித்துக்கொண்டே ஏறும் இந்த ஏணிதான் காணியிழந்த குடும்பத்துக்கு ஏற்றது என்பேன். பாஸிடம் ஏற்கெனவே சில வருடம் வேலை பழகிய பிள்ளை வகுப்புக்கே போகாமல், முன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெறவும் இடமிருக்கிறது. இதை நம்மவர்களில் பலர் அறியார்.

மொழி ஒரு முட்டுக்கட்டை. மாத்தளையில் தமிழ்மொழி மூல வகுப்புத் தேடுவது சிரமம். பக்கத்து வகுப்பில் சிங்களத்தில் படிப்பதா, அல்லது 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற தூர இடத்துக்கு அனுப்புவதா என்பதைப் பிள்ளையோடு பேசியே முடிவெடுக்கவேண்டும். விளங்காத வகுப்பில் ஆறு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையால்தான் பெரிய நட்டம். செலவு போகும், சான்றிதழ் வராது.

எனக்குத் தெரிந்த குடும்பமொன்று நட்டஈட்டுப் பணத்தில் பெரும்பகுதியை நகரத்துத் தனியார் நிலையமொன்றுக்குக் கட்டியது. மகன் 'டிப்ளோமா' வாங்கினான். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தத் தாளில் என்.வி.கியூ. மட்டம் எதுவும் இல்லை என்பது தெரியவந்தது. அவன் இப்போது 4ஆம் மட்டத்துக்கு முதலிலிருந்து படிக்கிறான். தகப்பன் கூலிக்குப் போகிறார்.

எனவே பணம் கட்டுமுன், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, நீங்கள் சேரும் அதே பாடநெறி என்.வி.கியூ. தரம் பெற்றதா என்று இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள். நிலையம் பதிவாகியிருந்தும் பாடநெறி தரம் பெறாமலிருக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மோட்டார் கட்டும் வேலையை வீட்டு முற்றத்திலிருந்தே செய்யலாம்.