அவை கூடும் நாளில் அழைக்க வேண்டாம்

கொடியேற்றம், காதுகுத்து, கல்யாணம், நினைவுநாள். தனித்தொகுதி எம்.எல்.ஏ.வின் சுற்றுப்பயணப் பட்டியலில் பெரும்பாலும் இவைதான் நிறைந்திருக்கின்றன. சட்டமன்றம் நடக்கும் நாட்களிலும் இது மாறுவதில்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை மானியக் கோரிக்கை ஆண்டுக்கு ஒருமுறைதான் அவைக்கு வருகிறது. விடுதிக் கட்டடம், கல்வி உதவித்தொகை, மனைப்பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று நம் ஊர்களின் பாடெல்லாம் அப்போதுதான் மொத்தமாகப் பேசப்பட வேண்டும். 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும், 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டிருப்பது வெறுமனே எண்ணிக்கைக்காக அல்ல.

அவையில் பேசியவர்களால்தான் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இழிபெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று அழைக்க வேண்டும் என 1922இல் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவந்தது சென்னை சட்டசபையில். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் உரியவை என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்ததும் அங்கேதான்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளும் நாள்கணக்கைச் சொல்கின்றன. முதல்வர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறையாவது கூட வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாவட்டக் குழுவில் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள். இந்த நாட்களை முதலில் குறித்துவிட்டு, மிச்ச நாட்களில்தான் மற்ற பயணங்களை வைக்க வேண்டும்.

தவறு அவர்களுடையது மட்டுமல்ல. வீட்டு விசேஷத்துக்கு வராதவரை, "ஓட்டு கேட்க மட்டும் வருவார்" என்று ஏசுகிறோம். மானியக் கோரிக்கை நாளில் அவையில் இல்லாதவரை என்றாவது கேட்டிருக்கிறோமா?

எந்த நாளில் எந்தத் துறை விவாதம் என்பது கூட்டத்தொடர் தொடங்கும்போதே நாளிதழ்களில் வருகிறது. ஊர் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் அதை வெட்டி எடுத்து மன்றத்தில் ஒட்டுங்கள். அவை கூடுவதற்கு முன்பே எம்.எல்.ஏ.வைத் தெருவுக்கு அழைத்து, ஒழுகும் விடுதியையும் பாதையில்லாத சுடுகாட்டையும் காட்டி, மனுவைக் கையில் கொடுங்கள். விவாத நாளில் அவர் சென்னையில் இருக்கட்டும். அவை முடிந்ததும் மறுபடி அழைத்து, "எங்கள் ஊரைப் பற்றி என்ன பேசினீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார்?" என்று கேளுங்கள்.

மாலையும் மேளமும் அன்றைக்கு வைத்துக்கொள்வோம்.