மக்கள் கேட்டார்களாம், இவர்கள் கொடுத்தார்களாம்

அமெரிக்க அரசியல் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் இந்த வாக்கியத்தை எடுத்து வைத்துவிடுவார்: "என்ன இருந்தாலும் அமெரிக்கனுக்கு வரின்னா ஆகாது பாஸ். அதனாலதான் வரியைக் குறைக்கறவனுக்கு ஓட்டுப் போடறான்." சொல்லிவிட்டு, ஏதோ நியூட்டன் விதியைச் சொன்ன மாதிரி டீயை உறிஞ்சுவார். எதிரில் இருப்பவர்களும் தலையை ஆட்டிவிடுவார்கள்.

நான் ஆட்டுவதில்லை. இது சுத்தப் பேத்தல். அமெரிக்காவில் இரண்டு கட்சிகளும் வரி விஷயத்தில் "மக்கள் எங்கள் பக்கம்" என்று சொல்வதைப் போன்ற பெரிய டுபாக்கூர் வேறு கிடையாது. அதிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள் சொல்வது கொஞ்சம் கூடுதல் டுபாக்கூர். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

புனேயில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்னடா அமெரிக்க வரியில் அக்கறை என்று கேட்பவர்களுக்கு: என் சோறே அதில்தான் இருக்கிறது ஐயா. அமெரிக்கக் கம்பெனிகளின் சம்பளப் பட்டுவாடாவுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அங்கே ஐ.ஆர்.எஸ். (நம்மூர் வருமான வரித்துறை மாதிரி) பிடித்த அட்டவணையை மாற்றினால் இங்கே எங்களுக்கு ராத்தூக்கம் போகும். அப்படி ராத்தூக்கம் போன வருஷங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 2009, 2013, 2018. அந்த மூன்று வருஷத்திலும் கோடிக்கணக்கான பேருடைய சம்பளச் சீட்டில் எண்கள் மாறின. அந்த மாற்றத்தைப் பற்றி அந்தக் கோடிக்கணக்கான பேர் என்ன நினைத்தார்கள் என்பதுதான் விஷயமே.

முதலில் 2001. ஜார்ஜ் புஷ் (மகன்) பதவிக்கு வந்த ஜனவரியில், அடுத்த பத்து வருஷத்தில் 5.6 லட்சம் கோடி டாலர் உபரி வரும் என்று அமெரிக்க காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அந்த உபரி மக்களுடைய பணம், திருப்பிக் கொடுக்கிறோம் என்றார் புஷ். ஜூன் மாதம் சட்டத்தில் கையெழுத்து. அப்புறம் பண்ணினார்கள் பாருங்கள், அதுதான் கில்லாடித்தனம். தனி ஆளுக்கு 300 டாலர், தம்பதிக்கு 600 டாலர் வரை வீட்டுக்கே காசோலை. அதற்கு முன்னால் ஐ.ஆர்.எஸ்ஸிடமிருந்து ஒரு கடிதம்: காங்கிரஸ் நிறைவேற்றி அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி உங்களுக்குப் பணம் வருகிறது என்று. நம்மூரில் இலவச டிவிப் பெட்டியில் முதல்வர் படம் ஒட்டுவதைக் கிண்டல் செய்யும் வெள்ளைக்காரத்தனம் பிடித்த நண்பர்கள் இதைக் கவனிக்கவும் :-)

சரி, மக்கள் கேட்டுத்தானே கொடுத்தார்? அங்கேதான் சிக்கல். 2002-இல் நடந்த தேசியத் தேர்தல் ஆய்வில், இந்த வரிக்குறைப்பை ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்று கேட்டதற்குச் சுமார் 40 சதவீதம் பேர் "அதைப் பற்றி யோசிக்கவே இல்லை" என்றார்கள். லாரி பார்ட்டெல்ஸ் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 2005-இல் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பணக்காரர்கள் போதிய வரி கட்டவில்லை என்று நினைக்கிற அதே ஆட்கள், பணக்காரர்களுக்குப் பெரும்பங்கு போகிற வரிக்குறைப்பையும் ஆதரிக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதே சமயத்தில் ஹேக்கர், பியர்சன் என்ற இரண்டு பேர், இல்லையில்லை, மக்கள் ஆதரிக்கவே இல்லை, கேள்வியைக் கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று வாதாடினார்கள். வெறுமனே "வரிக்குறைப்பு வேண்டுமா" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? "வரிக்குறைப்பா, முதியோர் மருத்துவத்துக்கா, கடனை அடைக்கவா" என்று கேட்டால் வரிக்குறைப்பு பின்னால் போய்விடுகிறது. எனக்கென்னவோ இரண்டு தரப்புமே சரி என்றுதான் தோன்றுகிறது. இரண்டில் எது சரியென்றாலும், "மக்கள் கேட்டார்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இப்போது 2009-க்கு வருவோம். ஒபாமா கொண்டுவந்த ஊக்கத் திட்டத்தில் உழைப்பவர்களுக்கு ஒரு வரிச்சலுகை இருந்தது. தனி ஆளுக்கு 400 டாலர், தம்பதிக்கு 800. வேலை பார்க்கும் குடும்பங்களில் 95 சதவீதத்துக்குக் கிடைத்தது. காசோலையாக அனுப்பினால் ஜனங்கள் வங்கியில் போட்டு வைத்துவிடுவார்கள், தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பளத்தோடு கொடுத்தால் செலவு செய்வார்கள், பொருளாதாரம் நிமிரும் என்று பொருளாதாரப் புலிகள் சொன்னார்கள். அதனால் பிடித்த அட்டவணையை மாற்றினார்கள். பிப்ரவரியில் அட்டவணை வந்தது, ஏப்ரல் 1-க்குள் எல்லாச் சம்பளத்திலும் அமலாக வேண்டும். (நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.) வாரத்துக்குப் பத்து டாலர் சொச்சம் கூடுதலாக வந்தது.

பொருளாதாரமாக அது நல்ல யோசனையாக இருக்கலாம். அரசியலாகத் தற்கொலை. 2010 பிப்ரவரியில் சிபிஎஸ்-நியூயார்க் டைம்ஸ் கணிப்பில், ஒபாமா பெரும்பாலானவர்களுக்கு வரியைக் குறைத்தார் என்று சொன்னவர்கள் 12 சதவீதம். ஏற்றிவிட்டார் என்று சொன்னவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு, 24 சதவீதம்! டீ பார்ட்டி ஆதரவாளர்களில் குறைத்தார் என்றவர்கள் வெறும் 2 சதவீதம். வரிக்கு எதிராகக் கொடி பிடித்துத் தெருவில் நின்றவர்கள், அந்த வாரச் சம்பளச் சீட்டில் தங்கள் வரி குறைந்திருந்ததைப் பார்க்கவே இல்லை.

உடனே "ஆஹா, குடியரசுக் கட்சிக்காரன் முட்டாள்" என்று குதிக்க வேண்டாம். அடுத்தது மறுபக்கம்.

2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் கம்பெனி வரியை 35-லிருந்து 21 சதவீதமாக்கியது. தனிநபர் வரியும் குறைந்தது. பெரும்பங்கு மேல்தட்டுக்குப் போனது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வரிக் கொள்கை மையத்தின் கணக்குப்படி சுமார் 65 சதவீதக் குடும்பங்களுக்கு 2018-இல் வரி குறைந்தது, 6 சதவீதம் போலத்தான் கூடியது. 2019 ஏப்ரலில் எடுத்த கணிப்புகளில் தங்களுக்கு வரி குறைந்தது என்று நம்பியவர்கள் பாதிக்கும் குறைவு. ஜனநாயகக் கட்சிக்காரர்களில் இன்னும் மோசம்.

இதற்கு ஒரு காரணம் அந்தப் பாழாய்ப்போன ரீஃபண்ட். 2018 பிப்ரவரியில் பிடித்தம் குறைந்தது, கையில் வந்த சம்பளம் கூடியது. அதனால் 2019-இன் ஆரம்ப வாரங்களில் வந்த ரீஃபண்ட் கொஞ்சம் குறைந்தது. ரீஃபண்ட் என்பது வரி இல்லை, முன்கூட்டியே அதிகமாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது. டி.டி.எஸ். கட்டுகிற நம்மூர் குமாஸ்தாவுக்குக்கூட இது தெரியும். கமலா ஹாரிஸுக்குத் தெரியாதா? ஆனால் 2019 பிப்ரவரியில் அவர், சராசரி ரீஃபண்ட் 170 டாலர் குறைந்துவிட்டது, ஆகவே இது நடுத்தர வர்க்கத்தின் மீதான வரியேற்றம் என்று எழுதினார். அதற்கு முந்தைய வருஷம் நான்சி பெலோசி, கம்பெனிகள் கொடுத்த ஆயிரம் டாலர் போனஸையெல்லாம் வெறும் துணுக்குகள் என்று உதறினார். ஆயிரம் டாலர் அவருக்குத் துணுக்குத்தான்!

அந்தப் பக்கம் வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர்கள், கம்பெனி வரியைக் குறைத்தால் சராசரிக் குடும்ப வருமானம் குறைந்தது 4,000 டாலர் கூடும் என்று 2017-இல் அடித்துவிட்டார்கள். பிறகு 2024-இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் நிதானமாக ஆராய்ந்து, முதலீடு ஓரளவு கூடியது உண்மை, ஆனால் ஊழியர் ஒருவருக்கு நீண்டகாலத்தில் கூடும் சம்பளம் வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்கும் கீழேதான் என்றார்கள். (நம்ம நிர்மலா சீதாராமன் 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 22 சதவீதமாக்கி 1.45 லட்சம் கோடி ரூபாயை விட்டுக்கொடுத்தபோது, பங்குச்சந்தை அன்றைக்கே துள்ளியது. எந்த வாக்காளர் கேட்டு அது நடந்தது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.)

ஆக, வரி குறைந்ததா கூடியதா என்று கேட்டால் அமெரிக்கர் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. அதிபர் எந்தக் கட்சி என்று பார்த்துச் சொல்கிறார். கருத்துக்கணிப்பில் ஏறி இறங்குவது வரியைப் பற்றிய கருத்தே இல்லை, கட்சிக்கொடி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பதில் பெரிதாக மாறுவதில்லை. பெரும்பணக்காரர்களும் பெரிய கம்பெனிகளும் கட்டவேண்டியதைக் கட்டுகிறார்களா என்றால், இல்லை என்று பெரும்பான்மை வருஷாவருஷம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மக்கள் கருத்தை மதிக்கிறவர்கள் என்றால் அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

பிறகு ஏன் குறைத்துக்கொண்டே போகிறார்கள் என்றால், அவர்கள் பயப்படுவது வாக்காளருக்கு இல்லை. குரோவர் நார்க்விஸ்ட் என்று ஒரு ஆசாமி. 1986-லிருந்து குடியரசுக் கட்சி வேட்பாளர்களிடம் "வரியேற்றத்துக்கு ஓட்டுப் போடமாட்டேன்" என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறார். புஷ் (அப்பா) 1988-இல் புதிய வரி கிடையாது என்று சத்தியம் பண்ணி, 1990-இல் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து ஏற்றி, 1992-இல் தோற்றார். அன்றைக்குப் பொருளாதாரம் படுத்திருந்ததை மறந்துவிட்டு, வரியால்தான் தோற்றார் என்று கட்சி பாடம் படித்துக்கொண்டது. 2011 ஆகஸ்டில் அயோவாவில் நடந்த விவாதத்தில், பத்து டாலர் செலவுக் குறைப்புக்கு ஒரே ஒரு டாலர் வரியேற்றம் என்ற பேரத்தைக்கூட நிராகரிப்பீர்களா என்று கேட்டபோது, மேடையிலிருந்த எட்டு பேரும் கையைத் தூக்கினார்கள். தங்கள் கட்சி வாக்காளர்களே அந்தப் பேரத்தை ஏற்பார்களா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. உட்கட்சித் தேர்தலில் எவனாவது எதிர்த்து நிற்பானே என்ற பயம்.

ஜனநாயகக் கட்சியின் பயம் வேறு மாதிரி. இரண்டரை லட்சம் டாலருக்குக் கீழே ஏற்றமாட்டேன் என்றார் ஒபாமா. நாலு லட்சம் என்றார் பைடன். அடுத்தவர் ஏழு லட்சம் என்பாரோ என்னவோ! 2013 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். உச்ச வரி 35-ஆ 39.6-ஆ என்று இரண்டு கட்சியும் புத்தாண்டு ராத்திரி வரை மல்லுக்கு நின்றன. அதே ராத்திரி, சமூகப் பாதுகாப்புக்கான சம்பளப் பிடித்தம் 4.2 சதவீதத்திலிருந்து மறுபடி 6.2 ஆனது. கடைச் சிப்பந்தி முதல் எல்லா உழைப்பாளிக்கும் சம்பளத்தில் இரண்டு சதவீதம் போச்சு. அதற்காக ஒருத்தரும் மல்லுக்கு நிற்கவில்லை. அந்த எண்ணை மென்பொருளில் மாற்றியவர்களில் நானும் ஒருவன். 2021-இல் பிரதிநிதிகள் சபையில் அதே கட்சி, மாநில வரிக் கழிவின் வரம்பைப் பத்தாயிரத்திலிருந்து 80,000 டாலராக உயர்த்தி ஓட்டுப் போட்டது. நியூயார்க், நியூஜெர்ஸி, கலிஃபோர்னியா பணக்காரர்களுக்கு! ஏழைப் பங்காளர்களாம்.

கேன்சஸ் மாநிலக் கதையை மட்டும் சொல்லியாக வேண்டும். 2012-இல் கவர்னர் பிரவுன்பேக் வருமான வரியைப் பெரிதாகக் குறைத்தார். பங்குதாரர், சிறுதொழில் வகைக் கம்பெனிகள் மூலம் வரும் லாபத்துக்கு மாநில வரியே கிடையாது என்றார். வளர்ச்சி பிய்த்துக்கொண்டு போகும் என்றார். போகவில்லை. வருவாய்தான் போனது. 2015-இல் சில பள்ளி மாவட்டங்கள் காசில்லாமல் கல்வியாண்டைச் சீக்கிரமே முடித்தன. 2016-இல் வாக்காளர்கள் அவருடைய ஆட்கள் பலரை உட்கட்சித் தேர்தலிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017-இல் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை உள்ள சட்டமன்றமே அவருடைய தடையை மீறி வரியைத் திரும்ப ஏற்றியது. வரி பிடிக்காத அமெரிக்கர்கள்தான், அதிலும் கேன்சஸ்காரர்கள்! பள்ளிக்கூடம் பூட்டியது கண்ணில் பட்டது. பிடித்த அட்டவணை கண்ணில் படாது.

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். செனட்டில் 50-50, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டு ஜெயித்தது. பத்து வருஷத்தில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும், 2034-இல் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் ஒரு கோடிப் பேர் அதிகமாக இருப்பார்கள் என்றது பட்ஜெட் அலுவலகம். அடிமட்டப் பத்து சதவீதத்துக்கு வருஷம் சுமார் 1,200 டாலர் நஷ்டம், மேல்மட்டப் பத்து சதவீதத்துக்குச் சுமார் 13,600 டாலர் லாபம் என்றும் கணக்குக் கொடுத்தது. கையெழுத்துக்கு முந்தைய கணிப்புகள் பலவற்றில் எதிர்ப்பவர்களே அதிகம். அதைப் பார்த்துச் சட்டத்தை மாற்றவில்லை, பெயரை மாற்றினார்கள். "உழைக்கும் குடும்பங்களின் வரிக்குறைப்பு" என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். டிப்ஸுக்கும் ஓவர்டைமுக்கும் கொடுத்த சலுகை 2025 ஜனவரியிலிருந்தே அமல். ஆனால் அந்த வருஷத்துக்கான பிடித்த அட்டவணையை மாற்றப்போவதில்லை என்று ஐ.ஆர்.எஸ். ஆகஸ்டில் அறிவித்தது. அதாவது வருஷம் முழுக்கப் பழைய மாதிரியே பிடித்துக்கொண்டு, 2026 வசந்தத்தில் கொழுத்த ரீஃபண்டாக மொத்தமாகக் கொடுப்பது. காங்கிரஸ் தேர்தல் 2026 நவம்பரில். அந்த அறிவிப்பைப் பார்த்து எங்கள் டீமில் எல்லோரும், அப்பாடா, இந்த வருஷம் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள்.