அடிக்கட்டையை அலட்சியம் செய்யலாமா?

மரத்தை வெட்டி வண்டியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். மண்ணில் நிற்கும் அடிக்கட்டையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நோய் அங்கேதான் குடியேறுகிறது என்பதற்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத் செய்த ஆராய்ச்சி நல்ல சான்று.

அந்நாட்டின் தெட்போர்டு காட்டில், நெருக்கத்தைக் குறைக்கச் சில பைன் மரங்களை வெட்டினார்கள். பிறகு மீதி மரங்களிலும் சில வேர் அழுகிப் பட்டுப்போயின. காற்றில் வரும் பூசண வித்துக்கள் புதிதாக வெட்டிய கட்டையில் விழுந்து முளைக்கின்றன; வேர் வழியே இறங்கி, வேரோடு வேர் தொடும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவுகின்றன. இதைக் கண்ட ரிஷ்பெத், உயிர் மரத்துக்குத் தீங்கு செய்யாத வேறொரு பூசணத்தின் வித்துக்களை, மரம் வெட்டிய உடனே கட்டையில் பூசிப் பார்த்தார். அது முந்திக்கொண்டு கட்டையைப் பிடித்தது. நோய்ப் பூசணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1963-இல் வெளியான இம்முறை ஐரோப்பியக் காடுகளில் இன்றும் கையாளப்படுகிறது.

நம் தென்னையைத் தாக்கும் தஞ்சை வாடல் நோயின் பூசணம் வேறு இனம். அதற்குச் சிகிச்சையும் வேறு. ஆனால் அதுவும் பட்ட மரத்தின் தூரிலும் வேரிலும் தங்கியிருந்தே பக்கத்து மரங்களைப் பிடிக்கிறது. தூரைத் தோண்ட ஆகும் கூலி சிறு விவசாயிக்குச் சுமைதான். என்றாலும் தூரையும் வேரையும் தோண்டியெடுத்து எரித்துவிடுவதே லாபம். கூலியை மிச்சம் பிடித்தால், காய்க்கிற மரங்களை இழக்க நேரிடும்.