கொதிக்க வைத்தால் போய்விடுமா?
யாழ்ப்பாணக் கிணறுகளும் புலம்பெயர்ந்தோர் கடமையும்

"தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்." ஊரிலுள்ள உறவுகளுக்குத் தொலைபேசியில் நாம் தவறாது கூறும் அறிவுரை இது. கோடை விடுமுறையில் கைக்குழந்தையுடன் யாழ்ப்பாணம் செல்லும் பெற்றோரும் இதையே நம்பிக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்துக் கொடுக்கின்றனர். கொதிநீர் கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் கலந்திருக்கும் நைத்திரேற்று கிருமியன்று. நீரில் கரைந்த உப்பு. அதைத் தீ ஒன்றும் செய்யாது. ஒரு லீற்றர் நீரில் 60 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்து, அந்நீர் கொதித்து முக்கால் லீற்றராக வற்றினால், அதன் செறிவு லீற்றருக்கு 80 மில்லிகிராமாக உயரும். நாம் பாதுகாப்பு என்று எண்ணிச் செய்வது தீங்கைக் கூட்டுகின்றது!

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நம்மிற் பலர் அறிவர். மழைக்கு வழிவிடும் அதே வெடிப்புகள், நிலத்தின்மேல் நாம் கொட்டும் அனைத்துக்கும் வழிவிடுகின்றன.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடப்படும் யூரியாவில் 46 சதவீதம் நைத்திரசன். மண்ணில் அது முதலில் அமோனியமாகவும், பின்னர் பற்றீரியாக்களின் செயலால் நைத்திரைற்றாகவும், இறுதியில் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. களிமண் துகள்கள் எதிர் மின்னேற்றம் உடையவை. நைத்திரேற்றும் எதிர் மின்னேற்றம் உடையது. ஆதலால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் உறிஞ்சாது விட்ட பங்கு இறைப்பு நீருடனும் மழைநீருடனும் கிணற்றை அடைகின்றது. அடித்தளம் பூசப்படாத மலக்குழிகளிலிருந்து கசியும் நைத்திரசனும் இதே வழியிற் செல்கின்றது. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதனைச் சுட்டிக்காட்டினர். நாம் செவிசாய்த்தோமா?

இதன் முதல் இலக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் குழந்தை. அதன் இரைப்பையில் அமிலம் குறைவு. அங்குள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்று குருதியிலுள்ள ஈமோகுளோபினின் இரும்பை ஒட்சியேற்றுகின்றது. அவ்வாறு மாறிய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க இயலாதது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1945 இல் அமெரிக்க மருத்துவர் ஹன்ரர் கொம்லி எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என வரையறுத்திருப்பது இக்காரணத்தாலேயே.

வேறு வழிகள் உதவுமா? குளோரீன் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றைத் தொடாது. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிவிக்கும். கரைந்த உப்பை அகற்றா. மணல் வடியும் கரி வடியும் அவ்வாறே. தெளிந்த நீர் தூய நீரன்று! நெருக்கமான மென்சவ்வினூடாக நீரை அழுத்திச் செலுத்தும் எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம் நைத்திரேற்றைப் பெருமளவு நீக்கும். அதைத்தான் நம்மவர் பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் அன்பளிப்புச் செய்து, திறப்பு விழாப் படமும் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் இயந்திரம் நீக்கிய உப்பு மறைந்து போவதில்லை. கழிவு நீரில் முன்னிலும் செறிந்து வெளியேறுகின்றது. அக்கழிவை வளவுக்குள் விட்டால் அது மீண்டும் அயற் கிணற்றுக்கே செல்லும். மென்சவ்வை உரிய காலத்தில் மாற்ற ஆளும் பணமும் இல்லையேல், இயந்திரம் மூலையில் கிடந்து தூசி படியும். கொடையாளியின் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும்!

சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தபோது மக்கள் வீதிக்கு இறங்கினர். 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு பணித்தது. எண்ணெய் மிதந்தது, நாறியது. ஆகவே சினம் எழுந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே நமக்குச் சினமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தீங்குக்கு மட்டும் குரல் கொடுப்பது என்ன நீதி?

நாம் குடியேறிய நாடுகள் இதே சிக்கலைச் சந்தித்தவைதாம். டென்மார்க் மக்கள் குடிப்பது ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி நீரே. அந்நாடு 1987 இல் நைத்திரசன் கசிவைப் பாதியாகக் குறைக்க இலக்கு வகுத்தது; கமக்காரர் பசளைக் கணக்கு ஒப்புவிக்கும் முறையை ஏற்படுத்தியது. ஐரோப்பிய சமூகம் 1991 இல் நைத்திரேற்றுக்கென்றே தனிச் சட்டவிதி இயற்றியது. வீட்டுக்கு வீடு இயந்திரம் பூட்டுவதுடன் அவை அமையவில்லை. ஊற்றிலேயே தடுக்க முனைந்தன. அந்நாடுகளின் நீரைக் குடித்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நீதி, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறொரு நீதியா?

"தாளையடியில் 2024 இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டுவிட்டதே" எனச் சிலர் கூறலாம். வரவேற்கத்தக்கதே. ஆயினும் வெங்காயத் தோட்டத்துக்குக் கடல்நீரைச் சுத்திகரித்து இறைக்க எவராலும் இயலாது. குழாய்நீர் வந்துவிட்டது என்று நிலத்தடி நீரைக் கைவிடுவது, மண்ணையே கைவிடுவதாகும். "அப்படியானால் கமக்காரரே குற்றவாளிகளா?" என்று கேட்பின், இல்லை என்பதே விடை. கடனுக்குப் பயிரிட்டு, விளைச்சல் பொய்த்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு பிடி பசளை கூடுதலாகப் போடுபவரைப் பழிப்பது எளிது. மண்ணைச் சோதித்து, பயிருக்கு வேண்டிய அளவைப் பல தவணைகளாகப் பிரித்து இடக் கற்பித்து, அதற்குத் துணை நிற்பதே கடினம். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி மண்ணை வளப்படுத்தியவர் நம் முன்னோர். அவ்வழக்கத்தை மீட்டால் யூரியாவின் தேவை குறையும்.

பெற்றோரே! கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே கொடுங்கள்; பால்மா தவிர்க்க இயலாதெனில், சோதித்து உறுதிசெய்த நீரில் மட்டுமே கரையுங்கள். ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புவோர், மாபிள் தரைக்கு முன்னர் கசியாத மலக்கழிவுத் தொட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள். ஊர்ச்சங்கங்களே! அடுத்த இயந்திரத்தை அனுப்புமுன், ஊர்க் கிணறுகள் அனைத்தையும் மாரிக்கு முன்னும் பின்னும் சோதிக்கச் செலவிடுங்கள். தூர்ந்த குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறக்குங்கள்.

இளையோரே! நைத்திரேற்றை அளவிடும் நிறமாறு தாள்கள் உங்கள் பயணப் பையில் ஒரு மூலையில் அடங்கும். ஆய்வுகூட முடிவு கிடைத்தால் அது எந்த அலகில் உள்ளதென முதலில் வினவுங்கள். நைத்திரசனாகக் கணக்கிட்ட 15 மில்லிகிராம், நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் 66 மில்லிகிராம்! 50 க்குக் குறைவுதானே என்று எண்ணி ஏமாறும் ஒரு குடும்பத்தையேனும் உங்கள் வேதியியற் கல்வி காப்பாற்றட்டும்.

கிணறு நம் முன்னோர் வெட்டியது. அதன் நீர் நம் பின்னோருக்கு உரியது. இடையில் நிற்கும் நாம் அடுப்பை மூட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவலாகாது.